எல்லையில் யாரும் நிறுத்தாத நாடுகளில் விசா விதி எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 8-ஆம் எண் டிராமில் ஏறினால் ஜெர்மனியின் வைல் அம் ரைன் ஊரில் போய் இறங்கலாம். 3-ஆம் எண் டிராம் பிரான்ஸின் சேன் லூயிக்குப் போகிறது. எல்லை வந்ததும் ஓட்டுநர் மாறுவதில்லை, வழக்கமாக யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. சுவிஸைவிட ஜெர்மனியில் மளிகையும் இறைச்சியும் விலை குறைவு என்பதால், சனிக்கிழமைகளில் வெறும் பையோடு போகிற கூட்டம் நிறைந்த பையோடு திரும்புகிறது.

அந்த டிராமில் நான்கு தமிழர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சுவிஸ் குடியுரிமை பெற்றவர். அடுத்தவரிடம் இலங்கை பாஸ்போர்ட்டும் சுவிஸின் 'சி' வதிவிட அனுமதியும் இருக்கின்றன. மூன்றாமவரிடம் இருப்பது 'எஃப்' அனுமதி. திருப்பி அனுப்ப முடியாத நிலையில் தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்களுக்குத் தருவது. நான்காமவர் பேரப்பிள்ளையைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்த அம்மா. அவர் பாஸ்போர்ட்டில் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா, ஒட்டியிருக்கிறது.

நால்வரும் ஒரே நிமிஷத்தில் எல்லையைக் கடக்கிறார்கள். ஆனால் முதலாமவர் விரும்பினால் ஜெர்மனியிலேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிடலாம். இரண்டாமவர் சுற்றிப் பார்க்கலாம், உறவினர் வீட்டில் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. திருச்சி அம்மாவும் தாராளமாகப் போய் வரலாம். அவர் எந்தப் பக்கம் இருந்தாலும் விசாவில் எழுதிய நாட்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே இருக்கும். மூன்றாமவர் கதை வேறு. சுவிஸ் குடிவரவுத் துறையின் பயண அனுமதியும் ஜெர்மன் விசாவும் இல்லாமல் அவர் வைல் அம் ரைனில் இறங்கினால் அது சட்டவிரோத நுழைவு. அன்றைக்குப் போலீஸ் சோதனை இருந்தால் கறி வாங்கப் போன இடத்தில் வழக்கு.

எல்லையில் ஆள் இல்லை என்பதை எல்லோருக்கும் ஒரே சுதந்திரம் என்று படித்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம். சாலையில் இருந்த விதி இன்று ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டுக்கும் வதிவிட அட்டைக்கும் உள்ளே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு போனவர்கள்: பிள்ளை வீட்டுக்கு வந்த பெற்றோர், கல்யாணத்துக்குப் போன குடும்பம், முதல் வருஷ மாணவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஆற்று நடுவில் ஒரு படகு

1984 தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலை எல்லைகளில் சுங்க ஊழியர்கள் வேலையை மெதுவாக்கிப் போராடியபோது லாரிகள் நாள் கணக்கில் தேங்கின. பொறுமை இழந்த லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள். அந்த ஜூலையிலேயே பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் தங்கள் பொது எல்லையில் சோதனையைத் தளர்த்த சார்ப்ரூக்கன் நகரில் உடன்பாடு செய்துகொண்டன. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் கூடச் சேர்ந்தன. 1985 ஜூன் 14 அன்று, மோசல் ஆற்றில் நின்ற 'பிரின்சஸ் மரி-அஸ்ட்ரிட்' என்ற படகில் ஐந்து நாடுகளும் கையெழுத்திட்டன. கரையில் இருந்த லக்சம்பர்க் கிராமத்தின் பெயர் ஷெங்கன். பிரான்ஸும் ஜெர்மனியும் லக்சம்பர்க்கும் சந்திக்கிற முனை அது.

கையெழுத்துப் போட்டவுடன் எதுவும் திறக்கவில்லை. நடைமுறை ஒப்பந்தம் 1990-இல் வந்தது, சோதனைகள் நின்றது 1995 மார்ச் 26-இல். நடுவே பத்து வருஷம் போனதற்குக் காரணம் உண்டு. ஒரு காம்பவுண்டுக்குள் இருக்கும் வீடுகளின் உள்சுவர்களை இடித்துவிட்டால், தெருவைப் பார்த்த கேட்டை யார் பூட்டுவது, யாருக்குத் திறப்பது என்று எல்லா வீட்டாரும் ஒத்துப்போக வேண்டும். கிரீஸ் தீவில் இறங்குகிற ஒருவர் நார்வே வரை யாரும் கேட்காமல் போகலாம் என்றால், கிரீஸ் அதிகாரி போடும் முத்திரையை நார்வே நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கைக்காகத்தான் பொது விசா, பொதுவான நுழைவு நிபந்தனைகள், தேடப்படுபவர்களையும் நுழைவு மறுக்கப்பட்டவர்களையும் பதிந்து வைக்கும் 'ஷெங்கன் தகவல் அமைப்பு' எல்லாம் வந்தன. உள்ளே தாராளமாக இருப்பதால்தான் முதல் வாசலில் அவ்வளவு கறார்.

இப்போது ஷெங்கனில் 29 நாடுகள். குரோஷியா 2023-இல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச்சில் விமான, கடல் வழிக்கும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழிக்கும் முழுமையாக உள்ளே வந்தன. இந்த இரண்டு நாடுகளையும் பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் 'தனி விசா வேண்டும்' என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துத் திட்டமிட வேண்டாம்.

மூன்று விஷயம், ஒரு பெயர்

ஐரோப்பாவில் 'சுதந்திரமாகப் போய்வரலாம்' என்று சொல்லும்போது மூன்று தனித்தனி ஏற்பாடுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எல்லையில் சோதனை இல்லாதது ஒன்று, அதுதான் ஷெங்கன். ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு நாட்டில் போய் வசித்து வேலை செய்யும் உரிமை இன்னொன்று. அது 1957-இன் ரோம் ஒப்பந்தத்தில் வேர்விட்டது, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உரியது. வெளியாட்களுக்கான பொது விசா மூன்றாவது.

அயர்லாந்தை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் டப்ளினில் வேலை செய்ய விசா வேண்டாம். ஆனால் அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. பாரிஸிலிருந்து போனால் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், ஷெங்கன் விசா அங்கே செல்லாது. சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இன்னும் சேரவில்லை. சுவிஸ் நேர் எதிர்: ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. குடிமக்கள் வசிக்கும் உரிமைக்கு 2002 ஜூன் முதல் ஒன்றியத்தோடு தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அப்புறம் சுங்கம் என்று ஒன்று இருக்கிறது. சுவிஸ் ஒன்றியத்தின் சுங்க வளையத்துக்கு வெளியே இருப்பதால் ஆளுக்குத்தான் சோதனை இல்லை, பைக்கு உண்டு. 2025 முதல் ஆளுக்கு 150 பிராங்க் மதிப்புவரை வரி இல்லாமல் கொண்டுவரலாம், இறைச்சி ஒரு கிலோ வரை. பாசல் டிராமில் சில நாள் ஏறும் அதிகாரிகள் தேடுவது இதைத்தான்.

விசா ஸ்டிக்கரைப் படிப்பது

இந்தியப் பாஸ்போர்ட்டிலோ இலங்கைப் பாஸ்போர்ட்டிலோ ஊரிலிருந்து போகிறவருக்குக் குறுகிய காலப் பயணத்துக்குக் கிடைப்பது 'சி' வகை விசா. 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 45. 6 வயதுக்குக் கீழே இலவசம். நிராகரித்தால் பணம் திரும்ப வராது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 வருஷத்துக்குள் கொடுத்ததாகவும், நீங்கள் ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். 'விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும்' என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒரு விதி இல்லை. பத்து நாள் இத்தாலி, மூன்று நாள் பிரான்ஸ் என்று இத்தாலி விசா வாங்கியவர் பாரிஸில் இறங்கலாம், இத்தாலி ஹோட்டல் பதிவைக் காட்டினால் போதும். செய்யக் கூடாதது வேறு ஒன்று. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு நாட்டின் பெயரில் ஹோட்டல் போட்டு விசா வாங்கி, பிறகு ரத்து செய்துவிட்டு வேறு நாட்டுக்குப் போவது. ஏஜென்ட்கள் சிலர் இதை ஒரு சாமர்த்தியம் போலச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லையில் கண்டுபிடித்தால் விசாவை அங்கேயே ரத்து செய்யலாம், அந்தப் பதிவு அடுத்த விண்ணப்பத்திலும் எட்டிப் பார்க்கும். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விசா கையில் வந்ததும் பலர் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அதில் மூன்று இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை' என்பது ஒன்று. எத்தனை முறை நுழையலாம் என்பது இன்னொன்று. 01, 02, அல்லது 'மல்ட்' (பலமுறை) என்று இருக்கும். தங்கக்கூடிய நாட்கள் மூன்றாவது. பத்து நாள் பயணத்துக்கு விண்ணப்பித்தவருக்குப் பெரும்பாலும் 25 நாள் இடைவெளி கொடுத்து, தங்கும் நாள் 10 என்று போட்டிருப்பார்கள். கூடுதலாக வரும் 15 நாள் விமானம் மாறினாலோ பயணம் தள்ளிப்போனாலோ உதவுவதற்கு. தேதி இன்னும் முடியவில்லையே என்று பன்னிரண்டாவது நாள் வரை தங்கினால் அது ஓவர்ஸ்டே. பெற்றோரை அழைத்தவர்கள் விசா வந்த அன்றே அந்தச் சின்ன எண்ணைத் தாங்களே படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

விசா இருந்தால் நுழைந்தே தீரலாம் என்பதும் இல்லை. எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று முதல் விமான நிலையத்தில் கேட்பார்கள். அது நீங்கள் போகும் கடைசி ஊராக இருக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாக ஆஸ்லோ போகிறவருக்கு இமிக்ரேஷன் பிராங்பர்ட்டிலேயே முடிந்துவிடும். ஆஸ்லோவில் இறங்குவது உள்நாட்டு விமானத்தில் இறங்குவது மாதிரி. அதனால் பிராங்பர்ட்டில் இடைவெளி ஒரு மணி நேரம்தான் இருக்கிற டிக்கெட்டை வாங்காதீர்கள். அதேபோல, ஷெங்கனுக்குள்ளேயே இரண்டு விமான நிலையங்களைத் தொட்டு வேறு கண்டத்துக்குப் போகிற டிக்கெட் என்றால் டிரான்சிட் விசா போதாது. முதல் விமான நிலையத்திலேயே நீங்கள் உள்ளே நுழைந்துவிடுகிறீர்கள். ஒரே விமான நிலையத்தில் மாறினால்கூட இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களிடம் பொதுவாக எல்லா ஷெங்கன் நாடுகளும் டிரான்சிட் விசா கேட்கும்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு நல்ல செய்தி 2024 ஏப்ரலில் வந்தது. முந்தைய மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருஷ மல்டிபிள் விசா, அதற்கடுத்து ஐந்து வருஷம் என்று படிப்படியாகக் கொடுக்கும் விதி அது. அடிக்கடி போய்வரும் பெற்றோருக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் மல்டிபிள் விசா கைக்கு வந்தவுடன் அடுத்த கணக்கு தொடங்குகிறது.

90 நாள் கணக்கு

எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கனுக்குள் இருக்கக் கூடாது. இதைப் பெரும்பாலோர் 'ஆறு மாதத்துக்கு மூன்று மாதம்' என்று ஜனவரி–ஜூன், ஜூலை–டிசம்பர் கணக்காகப் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். வந்த நாளும் கிளம்பிய நாளும் முழு நாளாகவே சேரும். 29 நாடுகளில் எங்கே இருந்தாலும் ஒரே கணக்கு.

ஒரு அம்மா ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை மகள் வீட்டில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரிக்கு 28 நாள் வரும் வருஷத்தில் அது 60 நாள். ஊருக்குப் போய்விட்டு ஜூன் 1 அன்று திரும்பி வருகிறார். பாக்கி இருப்பது 30 நாள், ஜூன் 30-க்குள் கிளம்ப வேண்டும். ஜூலை 1 அன்று இருந்தால்கூட 91. காரணம், அன்றிலிருந்து 180 நாள் பின்னோக்கிப் போனால் ஜனவரி 3-இல் நிற்கும். பழைய 60 நாளும் இன்னும் கணக்குக்குள் இருக்கிறது.

அதே அம்மா ஜூன் 1-க்குப் பதில் ஜூன் 9 அன்று வந்தால்? ஜூலை 8 அன்று 60-உம் 30-உம் சேர்ந்து சரியாக 90. ஜூலை 9 அன்று ஜனவரி 10 கணக்கை விட்டு வெளியே போய்விடும், புதிதாக ஒரு நாள் உள்ளே வரும். அப்படியே ஒரு நாள் போக ஒரு நாள் வர, அவர் செப்டம்பர் 6 வரை, முழுதாக 90 நாள் இருக்கலாம். எட்டு நாள் தள்ளி டிக்கெட் போட்டதற்கு அறுபது நாள் கூடுதல். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த விமான நிறுவனமும் டிக்கெட் விற்கும்போது சொல்லப்போவதில்லை. ஐரோப்பிய ஆணையம் தன் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணக்கிடும் கருவி வைத்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் பழைய தேதிகளை அதில் போட்டுப் பாருங்கள். விசாவும் அந்தத் தேதிகள் முழுக்கச் செல்ல வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்பெல்லாம் இந்தக் கணக்கு முத்திரைகளை நம்பி நடந்தது. மங்கிய முத்திரை, இரண்டு பக்கம் தள்ளிப் போட்ட முத்திரை என்று அதிகாரி புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். 2025 அக்டோபர் 12 முதல் 'நுழைவு–வெளியேற்ற அமைப்பு' என்ற கணினிப் பதிவு தொடங்கி, ஆறு மாதத்தில் எல்லா வெளி எல்லைகளுக்கும் விரிவாக்கும் திட்டத்தோடு வந்திருக்கிறது. முகப் படமும் விசா தேவையில்லாதவர்களுக்கு விரல் ரேகையும் பதிவாகின்றன. விசா வாங்கிப் போகிறவரின் ரேகை விசா அமைப்பில் முன்பே இருக்கிறது. இனி ஒரு நாள் அதிகம் தங்கினாலும் கணினி தானாகச் சொல்லிவிடும். அபராதம், சில வேளைகளில் எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து நுழைவுத் தடை என்று போகக்கூடிய விஷயம் அது.

தெரியாமல் வெளியே போய்விடும் இடங்கள்

ஒருமுறை நுழையும் விசாவோடு சூரிக்கில் இறங்கி, நடுவில் ஒரு வாரம் லண்டன் போய்விட்டுப் பாரிஸ் திரும்பலாம் என்று திட்டமிட்டால், பிரிட்டன் விசா கையில் இருந்தாலும் பாரிஸில் நுழைய முடியாது. லண்டன் விமானத்தில் ஏறியபோதே அந்த ஒரு நுழைவு முடிந்துவிட்டது. இது பலருக்குத் தெரிந்த கதைதான். தெரியாதவை சில உண்டு. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலையில் இருக்கும் அன்டோரா ஷெங்கனில் இல்லை, அதற்கு விமான நிலையமும் கிடையாது. பார்சிலோனாவிலிருந்து பஸ்ஸில் ஒரு நாள் போய் வரலாமே என்று போனால், திரும்புவது சட்டப்படி இரண்டாவது நுழைவு.

குரோஷியாவில் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் கடற்கரைச் சாலை இன்னும் விசித்திரம். நடுவே போஸ்னியாவின் 'நேயும்' என்ற ஊரின் கடற்கரை குறுக்கிடுகிறது. அந்த வழியே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். 2022 ஜூலையில் திறந்த பெலெஷாட்ஸ் பாலம் போஸ்னியாவைத் தொடாமல் கடல் மேலாகவே கொண்டுபோய்விடுகிறது. வாடகைக் கார் எடுப்பவர் வழிகாட்டும் ஆப்பில் 'பாலம் வழியாக' என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஸ் என்றால் எந்த வழி என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

பிரெஞ்சுக் கொடி பறக்கும் இடமெல்லாம் ஷெங்கன் என்றும் நினைக்கக் கூடாது. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவு பிரான்ஸின் ஒரு மாவட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. ஆனாலும் ஷெங்கனுக்கு வெளியே. பாரிஸ் போக வாங்கிய சாதாரண விசா பொதுவாக அங்கே செல்லாது. விண்ணப்பிக்கும்போதே தீவையும் சொல்லி வாங்க வேண்டும்.

அங்கேயே வசிப்பவர்கள்

2008 டிசம்பருக்கு முன்னால் சுவிஸில் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வசித்த தமிழர், எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக விசா வாங்க வேண்டியிருந்தது. 2005 ஜூன் 5 அன்று சுவிஸ் மக்கள் வாக்கெடுப்பில் ஷெங்கனில் இணைய ஒப்புக்கொண்டார்கள். மூன்றரை வருஷம் கழித்துத் தரை எல்லையில் சோதனை நின்றது. ஜெர்மனியின் ஹம் நகரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு சுவிஸிலிருந்து வேன் வேனாகப் போய்வருவது இன்றைக்கு இயல்பாகத் தெரிகிறது. பிரிந்து கிடந்த குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் கொடுத்தது எவ்வளவு பெரிது என்று யோசித்தால், விதிகளின் கறாரை மட்டும் பேசுவது நியாயமாக இருக்காது.

வதிவிட அனுமதி உள்ளவர் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180-க்கு 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். தன் சொந்த வதிவிட நாட்டில் இருக்கும் நாட்கள் இதில் சேராது. நீண்ட கால 'டி' விசாவில் வந்த மாணவருக்கும் இதே உரிமை. நிபந்தனை: அட்டையோடு செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். அட்டை இருக்கிறதே என்று காலாவதியான பாஸ்போர்ட்டோடு கிளம்பி விமான நிலையத்தில் திரும்பியவர்கள் உண்டு. ஜெர்மன் அனுமதியை வைத்து பிரான்ஸில் வேலை செய்ய முடியாது. அகதிப் பயண ஆவணம் உள்ளவர் அதையும் வதிவிட அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

லண்டன் குடும்பங்களுக்கு நிலைமை 2021 ஜனவரி 1 முதல் மாறியது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நகை வாங்கவோ அங்கே தேர்த் திருவிழா பார்க்கவோ போகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கும் இப்போது 90 நாள் கணக்குதான். பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் மட்டும் பெற்று இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் அம்மம்மாவுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். ஒரே காரில் போகும் குடும்பத்தில் யாரிடம் எந்தப் பாஸ்போர்ட் என்று கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டியிருக்கிறது.

உள் எல்லையில் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா? வேண்டாம். பாதுகாப்பைக் காரணம் காட்டி நாடுகள் தற்காலிகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவரலாம். பிரான்ஸ் 2015-இலிருந்து நீட்டித்துக்கொண்டே வருகிறது. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் தொடங்கியது. ரயிலில், பஸ்ஸில் ஏறிப் பார்ப்பார்கள். 'தற்காலிகம்' பத்து வருஷம் நீடிப்பது ஷெங்கனின் அடிப்படையையே அரிக்கிறது என்பது என் எண்ணம். முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்கும்போது அந்தச் சுமை நம் போன்ற நிறமுள்ளவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது. இத்தாலியில் இன்னொன்று உண்டு: வேறு ஷெங்கன் நாடு வழியாக வந்தவர் எட்டு நாளுக்குள் போலீஸிடம் வருகையைத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். உறவினர் வீட்டில் தங்குபவர் நேரில் போக வேண்டும்.

டப்ளின், அப்புறம் சோனௌலி

ஷெங்கனுக்கு வெளியேயும் திறந்த எல்லைகள் இருக்கின்றன. அயர்லாந்தும் பிரிட்டனும் 1920-களிலிருந்தே பொதுப் பயணப் பகுதியாக இருக்கின்றன. அயர்லாந்து ஷெங்கனில் சேராததற்கு முக்கியக் காரணமே அது. டப்ளினில் பஸ் ஏறினால் பிரிட்டனைச் சேர்ந்த பெல்பாஸ்ட் வரை எல்லைச் சாவடி இல்லை. ஆனால் அந்த உரிமை இரு நாட்டுக் குடிமக்களுக்கு. அயர்லாந்து விசாவோடு வந்த இந்தியர் பெல்பாஸ்ட் போனால், அவர் விசாவில், ஒரே விசாவில் இரு நாட்டுக்கும் போகவிடும் பிரிட்டிஷ்–ஐரிஷ் திட்டத்தின் குறிப்பு இல்லாதவரை, பிரிட்டனுக்குள் விசா இல்லாமல் நுழைந்தவர். அந்தக் குறிப்பு இருந்தாலும் முதலில் விசா கொடுத்த நாட்டில் இறங்கியிருக்க வேண்டும்.

இந்தியா–நேபாள எல்லை இதைவிடப் பழக்கமானது. 1950 ஜூலை 31-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு இரு நாட்டுக் குடிமக்களும் மற்ற நாட்டில் வசிக்கவும் சொத்து வாங்கவும் போய்வரவும் இடம் கொடுக்கிறது. 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்த எல்லையை கோரக்பூர், சோனௌலி வழியாகக் கடந்து முக்திநாத் போகும் தமிழ் யாத்திரைக் குழுக்கள் ஏராளம். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் அது. இந்தியருக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். ஆதார் 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஏற்கப்படுகிறது. குழுவில் 50 வயதுக்காரர் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் விமான நிலையத்தில் மற்றவர்கள் போய்விட, அவர் நின்றுவிட வேண்டியதுதான்.

இதிலும் உரிமை இரு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். திருச்சி மாமாவின் குழுவோடு சேர்ந்துகொண்ட லண்டன் மருமகன், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், நேபாளத்துக்கு வெளிநாட்டவர். சோனௌலியில் சாலை நேராக வளைவுக்குக் கீழே நேபாளத்துக்குள் போய்விடும், பஸ்ஸை யாரும் அவருக்காக நிறுத்த மாட்டார்கள். அவர் இறங்கி, கடைத்தெருவில் இருக்கும் இந்திய இமிக்ரேஷன் அலுவலகத்தைத் தேடி வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும். பிறகு நேபாளப் பக்க அலுவலகத்தில் விசா எடுக்க வேண்டும். 15 நாளுக்கு 30 டாலர். இந்த இரண்டு முத்திரையும் இல்லாமல் முக்திநாத் வரை போய்விடலாம். சிக்கல் காத்மாண்டுவில் லண்டன் விமானம் ஏறும்போதுதான் வரும்: நேபாளத்துக்குள் வந்ததற்கே பதிவு இருக்காது. குழுவை அழைத்துப் போகிறவர் பஸ் டிரைவரிடம் முந்தின இரவே சொல்லி, எல்லையில் ஒரு மணி நேரம் நிறுத்த ஏற்பாடு செய்துவிட வேண்டும்.